கல், அடைப்பு, உட்குழாய்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரை முன்வைத்துச் சிறுநீரகவழி அறுவை முறைகள் – ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சிறுநீரகக் கல், புராஸ்டேட் வீக்கம் ஆகிய நோய்களுக்கான அறுவை முறைகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெருங்கீறலிலிருந்து நுண்துளைக்கும், துளையே இல்லாத உள்நோக்கி முறைக்கும் மாறியுள்ளன. கீறல் சிறுத்ததால் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறைந்தன. ஆயினும் சிகிச்சை பல தவணைகளாகப் பிரிந்து, குறித்த நாளில் நோயாளி திரும்பி வருவதைப் பெரிதும் சார்ந்ததாயிற்று. வெப்பத்திலும் நீர்க்குறைவிலும் வேலை செய்து, வாரக் கூலியையே நம்பி, ஊர் விட்டு ஊர் செல்லும் தொழிலாளர் மிகுந்த திருப்பூரில் இம்மாற்றம் எத்தகைய சிக்கலைத் தோற்றுவிக்கிறது என்பதையும், அச்சிக்கலில் தமிழ் மருத்துவச் சொற்களுக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்லடைப்பு, திருப்பூர், நுண்துளை அறுவை, உட்குழாய், புராஸ்டேட், தொழில்சார் வெப்பம், மருத்துவக் கலைச்சொல்.

முன்னுரை

நோயாளியும் மருத்துவரும் ஒருங்கே புழங்கும் தமிழ் நோய்ப்பெயர்கள் இன்று மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று கல்லடைப்பு. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிப் பழகிவிட்ட பனியன் கம்பெனித் தொழிலாளர்கூட விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் அந்த வலியைக் கல்லடைப்பு என்றே குறிக்கின்றனர். பின்னலாடைத் தொழிலால் வளர்ந்து, 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகரான திருப்பூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தனியார் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில் ‘லேசர் மூலம் கல் அகற்றப்படும்’ என்னும் வரி நெடுநாளாக இடம்பெற்று வருகிறது. கருவிகளும் வல்லுநரும் கோவைக்குச் சென்றாலன்றிக் கிடையாத நிலை மாறிவிட்டது. இருந்தும் சிகிச்சை முழுமை பெறாமல் பாதியில் நிற்பது ஏன் என்னும் வினா எஞ்சுகிறது. இதற்கு விடை காண, முதலில் நோயின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

கல்லா, அடைப்பா?

சித்த மருத்துவ மரபு சிறுநீர் சார்ந்த நோய்களை உறுப்பின் பெயரால் பகுப்பதில்லை; நீரின் போக்கைக் கொண்டே பகுக்கிறது. நீர் குறைந்து தடைப்படுவன நீரினை அருக்கல் நோய்கள். மிகுந்து போவன நீரினைப் பெருக்கல் நோய்கள். கல்லடைப்பு முதல் வகையைச் சார்ந்தது. யூகி வைத்திய சிந்தாமணி அதனை வளி, அழல், ஐயம், முக்குற்றம் என்னும் அடிப்படையில் நான்காகப் பிரிக்கிறது. நீர்க்கட்டு, நீரடைப்பு, நீர்ச்சுருக்கு, சதையடைப்பு என்னும் பெயர்களும் இவ்வாறே உடலில் நிகழும் செயலைச் சுட்டுகின்றன. ‘சிறுநீரகக் கல்’ என்னும் இக்காலச் சொல்லோ ஒரு பொருளைச் சுட்டுகிறது. ஸ்கேன் அறிக்கையில் ‘6 மி.மீ. கல்’ என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்ட நோயாளியின் அச்சமும் ஆறுதலும் அந்த மில்லிமீட்டரையே சுற்றி வருகின்றன.

இவ்விடத்தில் பழஞ்சொல்லே மருத்துவ உண்மைக்கு நெருக்கமானது. சிறுநீரகத்தின் உட்கிண்ணம் ஒன்றில் 20 மி.மீ. கல் ஆண்டுக்கணக்கில் வலியின்றிக் கிடக்கக்கூடும். 5 மி.மீ. கல் சிறுநீர் நாளத்துக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டால் அதற்கு மேலுள்ள வழி முழுவதும் நீர் தேங்கி வீங்கும். கல் சிக்கும் இடங்கள் மூன்று: சிறுநீரகத்திலிருந்து நாளம் புறப்படும் இடம், இடுப்பின் பெருங்குருதிக் குழாய்களை அது கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். வலியைத் தோற்றுவிப்பது இத்தேக்கத்தின் அழுத்தமே. எனவே மருத்துவர் கேட்கும் முதல் வினா கல்லின் அளவைப் பற்றியதன்று. அடைப்பு உள்ளதா, அதனுடன் காய்ச்சல் உள்ளதா என்பதே. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமித்தொற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் நஞ்சு குருதியில் பரவி உயிருக்கே தீங்காகலாம். அந்நிலையில் கல்லை எடுக்க முற்படுவது தவறு. உட்குழாய் பொருத்தியோ முதுகுவழி நுண்குழாய் செலுத்தியோ தேங்கிய நீரை முதலில் வடித்துவிட்டு, தொற்று அடங்கியபின் கல்லைப் பற்றிச் சிந்திப்பதே முறை. ஒற்றைச் சிறுநீரகம் உடையவருக்கு அடைப்பு நேர்ந்தாலும், சிறுநீர் அறவே நின்றுபோனாலும் இதே விதி பொருந்தும்.

வலி நின்றது என்பதால் கல் வெளியேறிவிட்டது எனக் கொள்வதும் ஆபத்தானது. அடைப்பு நாள்பட நாள்பட அந்தச் சிறுநீரகம் நீர் பிரிக்கும் அளவைத் தானே குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிந்து வலி மறைகிறது. ஓர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குத் திரும்பிய தொழிலாளியின் ஒரு பக்கச் சிறுநீரகம் சில மாதங்களில் ஓசையின்றிச் செயலிழப்பது இவ்வாறுதான்.

வெப்பமும் நீரும்

திருப்பூரில் கல்லடைப்புக்குக் காரணம் உப்புத்தண்ணீர் என்பது பரவலான நம்பிக்கை. நொய்யல் மாசுபட்ட வரலாறும், கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட ஆணையும், ஆழ்துளைக் கிணற்று நீரின் சுவையும் இந்நம்பிக்கைக்கு வலுவூட்டுகின்றன. ஆனால் நீரின் கடினத்தன்மைக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்கள் உறுதியான முடிவுக்கு வரவில்லை. உப்பு நீரால் விளையும் தீங்கு வேறொரு வழியில் வருகிறது. குடிக்க நன்றாக இல்லாத நீரைத் தொழிலாளர் குறைவாகக் குடிக்கின்றனர்.

வெப்பத்துக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்புக்குச் சான்றுகள் வலுவானவை. இத்தாலியின் கண்ணாடி ஆலை ஒன்றில் வெப்பப் பகுதியில் வேலை செய்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கும், இயல்பான வெப்பநிலையில் வேலை செய்தோரில் 2.4 விழுக்காட்டினருக்கும் கல் இருந்ததாக 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. துருக்கியின் எஃகு ஆலையில் இவ்வேறுபாடு 8 விழுக்காட்டுக்கும் 0.9 விழுக்காட்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. தென்னிந்திய எஃகு ஆலைத் தொழிலாளரிடம் சென்னை ஆய்வாளர்கள் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், அல்ட்ராசவுண்ட் சோதனை செய்யப்பட்ட 91 பேரில் 27 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகக் கல்லோ அமைப்புக் கோளாறோ காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். சாயமேற்றும் எந்திரம், துணியை உலர்த்தும் ஸ்டென்டர், கொதிகலன், நீராவி அயர்னிங் மேசை ஆகியவற்றின் அருகில் ஒன்றரை ஷிப்ட் நிற்பவரின் உடலிலும் இதே இயற்பியல்தான் இயங்குகிறது. வியர்வையில் நீர் போக, சிறுநீர் செறிந்து, கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்சலேட்டும் யூரிக் அமிலமும் படிகமாகின்றன.

தையல் பகுதியில் சிக்கல் சற்று வேறு. ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு, தண்ணீர் கிடைக்காமை காரணமாக இருக்க வேண்டியதில்லை. பீஸ்ரேட் கணக்கில் ஒவ்வொரு முறை எழுந்து செல்வதும் கூலி இழப்பு. கழிப்பறை தொலைவிலோ தூய்மையின்றியோ இருந்தால் தண்ணீரைத் தவிர்ப்பதே எளிய வழியாகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் வழங்க வேண்டும் என்றும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றும் விதித்தது. குடிநீரையும் கழிப்பறையையும் அடுத்தடுத்த பிரிவுகளில் வைத்த அச்சட்டம், சிறுநீரகவியல் பாடநூல்கள் பின்னாளில் சொன்னதை முன்கூட்டியே சொல்லிவிட்டது எனலாம்.

தடுப்பின் ஆற்றல் சிறிதன்று. முதன்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 1996இல் வெளியான இத்தாலிய ஆய்வில், நிறைய நீர் அருந்தியோரில் 12 விழுக்காட்டினருக்கும் மற்றோரில் 27 விழுக்காட்டினருக்கும் கல் மீண்டும் வந்தது. நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் அருந்த வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டு நெறி. வியர்ப்பவருக்கு எத்தனை லிட்டர் குடிப்பது என்னும் கணக்கு பயன்படாது. சிறுநீரின் நிறம் வெளிறியிருக்கிறதா என்பதே அளவுகோல். பால், மோரை நிறுத்த வேண்டும் என்னும் அறிவுரை இன்னும் புழக்கத்தில் உள்ளது. உணவிலுள்ள இயல்பான கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பற்றிக்கொள்வதால் அது நன்மையே செய்கிறது. குறைக்க வேண்டியவை உப்பும் மிகையான புலாலும். பீர் குடித்தால் கல் கரையும் என்னும் சனிக்கிழமைச் சம்பள நாள் மருத்துவத்துக்கு ஆதாரம் எதுவுமில்லை.

கத்தியிலிருந்து அலைக்கு

கல்லை அறுத்தெடுப்பது மிகத் தொன்மையான அறுவைகளுள் ஒன்று. சுசுருத சம்கிதை சிறுநீர்ப்பைக் கல்லைக் கீழ்ப்புறக் கீறல் வழியாக எடுக்கும் முறையை விவரிப்பதோடு, அதனால் உயிரிழப்பு நேரலாம் என்றும் எச்சரிக்கிறது. கல்லுக்காகக் கத்தியெடுப்பதில்லை எனக் கிரேக்க மருத்துவரின் உறுதிமொழி விலக்கியதும் இவ்வச்சத்தாலேயே. தமிழில் மேலை அறுவை மருத்துவம் நூலாக வந்தது யாழ்ப்பாணத்து மானிப்பாயில். மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் மாணவர்க்காக 1867இல் ‘இரணவைத்தியம்’ என்னும் நூலை வெளியிட்டார். இக்கட்டுரை பின்னர் எழுப்பும் கலைச்சொற் சிக்கலை முதலில் எதிர்கொண்ட தலைமுறை அதுவே.

கீறாமல் கல்லை உள்ளேயே நொறுக்கும் முயற்சி 1824இல் பாரிசில் சிவியால் என்பவரால் வெற்றி பெற்றது. நொறுக்கிய துகள்களை உடனே கழுவி வெளியேற்றும் முறையை 1878இல் அமெரிக்கரான பிகலோ வகுத்தார். அம்முறை பெருமளவில் கையாளப்பட்டது இந்தியாவில்தான். சிறுநீர்ப்பைக் கல் வடஇந்தியச் சிறுவரிடையே அத்துணை மிகுந்திருந்தது. இந்திய மருத்துவப் பணியில் இருந்தபோது இக்கலையில் கைதேர்ந்த ஃபிரேயர், ஓய்வுக்குப்பின் இலண்டனில் வயிற்றுக் கீறல் வழியாகப் புராஸ்டேட்டைத் தோண்டியெடுக்கும் அறுவையை 1901இல் அறிவித்துப் புகழ்பெற்றார். அதே அறுவையை நியூயார்க்கின் புல்லர் அவருக்கு முன்பே செய்திருந்தார் என்பது வேறு செய்தி.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் மாற்றங்கள் விரைந்தன. 1976இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் முதுகில் இட்ட சிறு துளை வழியாகச் சிறுநீரகக் கல்லை எடுத்தனர். 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் முதல் நோயாளியின் கல், உடலைத் தொடாமலே, நீரின் ஊடாகச் செலுத்தப்பட்ட அதிர்வலையால் நொறுக்கப்பட்டது. இதன் பின்னணி வியப்பானது. ஒலியை விஞ்சிச் செல்லும் விமானங்கள்மீது மழைத்துளி மோதுவதால் ஏற்படும் சேதத்தை ஆராய்ந்த டோர்னியர் நிறுவனத்தின் பொறியாளர்களிடமிருந்தே அதிர்வலையின் மருத்துவப் பயன் பிறந்தது.

இன்றைய வழிகளும் அவற்றின் எல்லைகளும்

எல்லாக் கல்லுக்கும் அறுவை வேண்டியதில்லை. சிறுநீர் நாளத்தில் 5 மி.மீ. வரையுள்ள கற்களில் ஏறத்தாழ 68 விழுக்காடும், 5 முதல் 10 மி.மீ. வரையுள்ளவற்றில் 47 விழுக்காடும் தாமே வெளியேறுகின்றன என்று 2007ஆம் ஆண்டின் அமெரிக்க-ஐரோப்பியத் தொகுப்பாய்வு கணித்தது. காய்ச்சலும் சிறுநீரகச் செயல்குறைவும் இல்லாவிடில் சில வாரங்கள் காத்திருக்கலாம். இக்காத்திருப்பில் தரப்படும் டாம்சுலோசின் மாத்திரை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 2015இல் வெளியான பெரிய பிரித்தானிய ஆய்வு அதனால் பயனில்லை என்றது. நாளத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள 5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்குப் பயனுண்டு எனப் பிற தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. மருந்தால் உண்மையிலேயே கரைவது யூரிக் அமிலக் கல் மட்டும். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது கரையும். வெயிலில் வற்றிய உடல்களில் இவ்வகைக் கல் மிகுதி என்பதாலும், சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரிவதில்லை என்பதாலும் திருப்பூர் போன்ற ஊரில் இவ்வேறுபாட்டை அறிவது முதன்மையானது.

அதிர்வலை முறைக்குக் கீறல் இல்லை. பெரும்பாலும் மயக்கமருந்தும் வேண்டா. மாலையே வீடு திரும்பலாம். 20 மி.மீ.க்கு உட்பட்ட, மிகக் கெட்டியில்லாத கல்லுக்கு இது ஏற்றது. சிறுநீரகத்தின் கீழ்க்கிண்ணத்தில் உள்ள கல் நொறுங்கினாலும் துகள்கள் மேலேறி வெளியே வருவது கடினம். கருவுற்றவர்க்கும், குருதி உறையாமைக் கோளாறு உடையவர்க்கும் இம்முறை கூடாது. நொறுங்கிய துகள்கள் நாளத்தில் வரிசையாக நின்று அடைத்துக்கொள்வதும் உண்டு. செருமானியர் இதற்குக் ‘கல்தெரு’ எனப் பெயரிட்டனர். ஓர் அமர்வில் முடியாமல் இரண்டு மூன்று முறை வரவேண்டியிருப்பதே இதன் பெருங்குறை.

மருத்துவமனைகளில் யு.ஆர்.எஸ். எனப்படும் நாளநோக்கி முறையில், சிறுநீர் கழியும் இயற்கை வழியாகவே மெல்லிய கருவி மேலே செலுத்தப்பட்டு, கல் நேரடியாகக் காணப்பட்டு உடைக்கப்படுகிறது. கீழ்நாளக் கல்லுக்கு இதைக் காட்டிலும் உறுதியான முறை வேறில்லை. இதன் வளர்ச்சியே ஆர்.ஐ.ஆர்.எஸ். வளையும் கருவி சிறுநீரகத்தின் கிண்ணங்களுக்குள்ளும் புகுந்து, ஹோல்மியம் லேசரால் கல்லைத் தூளாக்குகிறது. ‘லேசர்’ என்னும் சொல்லுக்கு நோயாளியின் மனத்தில் உடலுக்கு வெளியிலிருந்து பாயும் ஒளி என்னும் பொருள் படிந்துள்ளது. மெய்யாகவோ அது மயக்கமருந்து கொடுத்து, உள்ளே கருவி செலுத்திச் செய்யும் அறுவையே. கழுவுநீரின் அழுத்தம் கூடினால் கிருமிகள் குருதிக்குள் தள்ளப்பட்டுக் கடும் காய்ச்சல் வரக்கூடும். ஆகவே முன்னதாகவே சிறுநீரைக் கிருமிச் சோதனை செய்து, தொற்று இருப்பின் அடக்கியாக வேண்டும்.

20 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கும், கிண்ணங்கள் முழுவதும் மான்கொம்புபோல் கிளைத்த கல்லுக்கும் பி.சி.என்.எல். எனப்படும் துளைவழி முறையே முதல் தெரிவு. முதுகிலிருந்து சிறுநீரகத்துக்கு 8 முதல் 10 மி.மீ. விட்டமுள்ள வழி அமைத்து, கல்லை உடைத்து வெளியே எடுக்கின்றனர். சிறுவழி முறைகளில் இவ்விட்டம் 5 முதல் 7 மி.மீ. வரை குறைந்துள்ளது. ஒரே அமர்வில் பெரும்பகுதி கல்லை அகற்றும் ஆற்றல் இதற்கே மிகுதி. குருதியிழப்பும் இதில்தான் கூடுதல். மிகச் சிலருக்குக் குருதிக் குழாயை அடைக்கும் சிகிச்சை வரை தேவைப்படும். திறந்த அறுவை இன்று அரிதாகிவிட்டது.

எம்முறை சிறந்தது எனக் கேட்போர்க்குக் கல்லின் அளவு, கெட்டித்தன்மை, இடம் ஆகிய மூன்றைக் கொண்டே வழிகாட்டு நெறிகள் விடை தருகின்றன. திருப்பூரில் நான்காவது காரணி ஒன்று உண்டு: நோயாளி எத்தனை முறை திரும்பி வர இயலும் என்பது. 15 மி.மீ. கல்லுக்கு ஏட்டளவில் அதிர்வலையும் உள்நோக்கியும் ஏறக்குறைய இணையானவை. மூன்று வேலைநாள்களை மூன்று வெவ்வேறு வாரங்களில் இழக்கும் தொழிலாளிக்கு அவை இணையாகா.

புராஸ்டேட்

பனியன் கம்பெனிகளின் வாயிலில் இரவுக் காவலராக அமர்ந்திருப்போர் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். இரவில் பலமுறை எழுவது, நீர்த்தாரை மெலிவது, கழித்தபின்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது ஆகியவற்றை முதுமையின் இயல்பென அவர்கள் ஏற்றுக்கொள்கின்றனர். திடீரென நீர் நின்று, வெளிக்குழாய் பொருத்தும் நிலையில்தான் பலர் மருத்துவமனையை அடைகின்றனர். ஏழு வினாக்கள் கொண்ட 35 மதிப்பெண் அளவையால் நோயின் தீவிரம் கணிக்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு மருந்தே போதும். நீர் மீண்டும் மீண்டும் நிற்றல், சிறுநீர்ப்பையில் கல், தொடரும் தொற்று அல்லது குருதிக்கசிவு, சிறுநீரகம் பழுதுறல் ஆகியவை இருப்பின் அறுவை தேவை. இயற்கை வழியாகக் கருவி செலுத்திச் சுரப்பியின் உட்பகுதியைச் சீவியெடுக்கும் டி.யு.ஆர்.பி. முறை பல பத்தாண்டுகளாக அளவுகோலாக இருந்து வருகிறது. பழைய கருவிகளில் பயன்பட்ட கழுவுநீர் குருதியில் கலந்து சோடியத்தைக் குறைத்துத் தீங்கு செய்தது. உப்புநீரில் இயங்கும் இருமுனைக் கருவிகள் அவ்வாபத்தை நீக்கின. நியூசிலாந்தில் 1990களில் உருவான ஹோல்மியம் லேசர் முறை, ஃபிரேயர் விரலால் தோண்டியெடுத்ததைக் கீறலின்றிச் செய்கிறது. மிகப் பெரிய சுரப்பிக்கும் அது பொருந்தும். இவ்வறுவைகளுக்குப்பின் விந்து முன்னோக்கி வராமல் சிறுநீர்ப்பைக்குள் செல்வது பலருக்கும் நேரும் விளைவு. முன்கூட்டிச் சொல்லப்படாவிடில் இது பெருங்குறையாக மனத்தில் தங்கிவிடுகிறது. கூச்சம் கருதி இதைச் சொல்லாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் நன்மை ஆகாது.

உட்குழாயும் சொல்லின் மயக்கமும்

நாளநோக்கி, துளைவழி ஆகிய இரு முறைகளுக்குப் பின்னும் பலருக்குச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை ஓர் உட்குழாய் வைக்கப்படுகிறது. இருமுனையும் கொக்கிபோல் வளைந்த இதற்கு டி.ஜே. ஸ்டென்ட் என்பது வழக்குப்பெயர். வீக்கத்தால் நாளம் அடைபடாமல் காப்பதும், துகள்கள் இறங்க வழிசெய்வதும் இதன் வேலை. வெளியே எதுவும் தெரியாது. அடிக்கடி நீர் பிரிதல், கழிக்கும்போது விலாவில் வலி, சிவந்த சிறுநீர் ஆகியவை சிலருக்கு இருக்கும். சிலருக்கு எதுவுமே தோன்றாது. தோன்றாதவரே கூடுதல் ஆபத்தில் உள்ளவர்.

கல் உண்டாக்கும் உடலில் வைக்கப்பட்ட குழாய்மீதும் கல் படியும். ரியாத் நகரில் நடந்து 1991இல் வெளியான ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுக்கப்பட்ட குழாய்களில் 9.2 விழுக்காட்டிலும், 6 முதல் 12 வாரத்துக்குள் எடுக்கப்பட்டவற்றில் 47.5 விழுக்காட்டிலும், அதன்பின் எடுக்கப்பட்டவற்றில் 76.3 விழுக்காட்டிலும் படிவு காணப்பட்டது. குறித்த நாளில் சில நிமிடங்களில் எடுக்கப்பட வேண்டிய குழாய், ஓரிரு ஆண்டுகள் கழித்து இருமுனையிலும் கல் சூழ்ந்து, அதிர்வலை, துளைவழி, நாளநோக்கி என மூன்று அறுவைகளையும் ஒருங்கே வேண்டி நிற்கிறது. சிறுநீரகத்தை இழந்தோரும் உளர். கல்லை நீக்கவந்த சிகிச்சையே கல்லாக மாறுவது இதில்தான்.

மறதி என்று இதைச் சொல்வது முழு உண்மையாகாது. அறுவை முடிந்தவுடன் நோயாளிக்கு இரண்டு குழாய்கள் உள்ளன. ஒன்று சிறுநீர்ப் புறவழியில் வைக்கப்பட்டுப் பையோடு இணைந்த வெளிக்குழாய். மற்றொன்று உள்ளே உள்ள ஸ்டென்ட். பேச்சில் இரண்டுமே ‘டியூப்’ அல்லது ‘குழாய்’. ஓரிரு நாளில் வெளிக்குழாய் எடுக்கப்படுகிறது. ‘டியூப் எடுத்தாச்சு’ என்று செவிலியரும் சொல்கிறார். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஒன்றாகவே, மூன்று வாரம் கழித்து ‘டியூப் எடுக்க வரணும்’ என்று சீட்டில் எழுதப்பட்டிருப்பது முடிந்துபோன செயலாகத் தோன்றுகிறது. பாடநூல் தமிழில் சிறுநீரகத்திலிருந்து வருவது சிறுநீர் நாளம். இலங்கைத் தமிழில் அது சிறுநீர்க்கான். நாளமும் கானும் பேச்சு வழக்கில் இடம்பெறாததால் உறுப்பும் குழாய், கருவியும் குழாய் என்றாகிவிடுகிறது. பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, உடன்பணியாளரின் அரைகுறை மொழிபெயர்ப்பில் இதைக் கேட்கும் தொழிலாளியின் நிலையை விளக்க வேண்டியதில்லை. அவர் தீபாவளிக்கோ சத் பூசைக்கோ ஊர் சென்று, திரும்பும்போது வேறு நகருக்குப் போயிருக்கக்கூடும்.

கூலிநாளும் காப்பீடும்

இரு பொதுக் காப்புகள் இத்தொழிலாளர்க்கு உள்ளன. பத்துப்பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர்க்குத் தொழிலாளர் அரசு காப்பீடு பொருந்தும். தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. ஆறு மாதத்தில் 78 நாள்களுக்குப் பங்குத்தொகை செலுத்தப்பட்டிருந்தால், நோய்வாய்ப்பட்ட நாள்களுக்கு ஊதியத்தின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். திருப்பூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மற்றொன்று 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். சிறுநீரகக் கல்லுக்கான செயல்முறைகளும் அதில் அடங்கும்.

சிக்கல் இவற்றின் இடைவெளியில் உள்ளது. பவர்டேபிள் எனப்படும் தையல் ஒப்பந்தச் சிற்றலகுகள் பல பத்துப்பேருக்கும் குறைவானவை. கம்பெனி மாறி மாறிச் செல்வோர்க்கு 78 நாள் கணக்கு முழுமை பெறுவதில்லை. மாநிலத் திட்டத்துக்கு வேண்டிய குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் சொந்த ஊரில் இருக்கும். அறுவைக்கு இத்தாள்களை எப்படியேனும் சேர்த்துவிடுவர், வலி அவ்வளவு. வலியற்ற மூன்றாம் வாரத்தில், ஒரு நாள் கூலியையும் இழந்து, குழாயை எடுக்க மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும் என்பதே இரண்டாம் வரவைத் தள்ளிப்போடச் செய்கிறது.

எளிய தீர்வுகள் உள்ளன. சிக்கலின்றி முடிந்த நாளநோக்கி அறுவைக்குப்பின் உட்குழாய் கட்டாயமன்று என வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. பழக்கத்தால் வைக்கப்படுவதைக் குறைக்கலாம். சில நாள்களே தேவைப்படுவோர்க்கு, நூல் இணைத்து வெளியிலிருந்தே இழுத்தெடுக்கத்தக்க குழாய்கள் உள்ளன. குழாய் வைத்த ஒவ்வொருவரின் பெயரையும் எடுக்க வேண்டிய நாளையும் பதிவேட்டில் எழுதி, நாள் கடந்தவரைத் தொலைபேசியில் அழைக்கும் முறையை உலகின் பல மருத்துவமனைகள் கடைப்பிடிக்கின்றன. எடுக்கும் நாளை வாரவிடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் குறிப்பதும் திருப்பூருக்குப் பொருந்தும். வெளியேறும் சீட்டில் ‘டியூப்’ என்னும் சொல்லை விலக்கி, வெளிக்குழாய், உட்குழாய் என்னும் இரு சொற்களைத் தனித்தனியே அச்சிட வேண்டும். வெளிக்குழாய்க்கு எதிரே எடுக்கப்பட்ட நாளையும், உட்குழாய்க்கு எதிரே ‘இன்னும் உள்ளே உள்ளது’ என்பதையும், எடுக்க வேண்டிய நாளையும் எழுதி, எக்ஸ்ரே படத்தில் அக்குழாயை நோயாளிக்கே காட்டிய பின் அனுப்பலாம். இச்சீட்டு தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அமைய வேண்டும்.